வீட்டு கம்ப்யூட்டர்ல டிஜே பண்ண எது: மிக்ஸா, வர்ச்சுவல் டிஜேவா, செராட்டோ லைட்டா?

அக்கா பொண்ணு மஞ்சள் நீராட்டுக்கு மொட்டை மாடியில பாட்டு போடுற பொறுப்பு என்கிட்ட வந்துச்சு, வீட்ல இருந்த சாதாரண பிளேயர்ல 60 பாட்ட வரிசையா அடுக்கிட்டு உக்காந்துட்டேன். ஒரு பாட்டு முடிஞ்சா ரெண்டு மூணு செகண்ட் அமைதி, அப்புறம் அடுத்த பாட்டோட புல்லாங்குழல் மட்டும் அரை நிமிஷம், ஆடிட்டிருந்த பசங்க எல்லாம் அப்படியே நின்னு என்னையே பாக்குறாங்க. ஒரு பாட்டுல சவுண்டு காதைக் கிழிக்குது, அடுத்ததுல கேக்கவே மாட்டேங்குது. அந்த ராத்திரியே டிஜே சாஃப்ட்வேர் தேட ஆரம்பிச்சு, அதுக்கப்புறம் வீட்ல நடந்த ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து, இப்பதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன்.

முதல்ல ஒரு விஷயம். இந்த சாஃப்ட்வேர் எல்லாம் ஹவுஸ், டெக்னோங்கிற டான்ஸ் மியூசிக் மாதிரி மெஷின்ல போட்ட தாளத்தை மனசுல வெச்சு பண்ணது. பாட்ட உள்ள போட்டதும் அது பீட்டை எண்ணி, பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்) இவ்வளவுன்னு சொல்லி, அலைவடிவத்து மேல சம இடைவெளில கோடு போடும், அதைத்தான் பீட் கிரிட்ங்கிறாங்க. சிங்க் பட்டன் அமுக்குனா ரெண்டு பாட்டோட கோட்டையும் ஒண்ணோட ஒண்ணு பொருத்திடும். ஆனா 80கள்ல வந்த நம்ம பாட்டுல தபேலாவும் டிரம்ஸும் ஆள் உக்காந்து வாசிச்சது, பல்லவில ஒரு வேகம், சரணத்துல ஒரு நூல் கூட இருக்கும். நான் ஒரு பாட்ட பெருசா ஜூம் பண்ணிப் பாத்தேன், ஆரம்பத்துல ஒவ்வொரு தபேலா அடி மேலயும் கோடு சரியா உக்காந்திருக்கு, ரெண்டாவது சரணம் வரும்போது கோடு அடிக்கும் அடிக்கும் நடுவுல போய் நிக்குது. அந்த இடத்துல சிங்க் போட்டா ரெண்டு தாளமும் சண்டை போடும், மாடியில நிக்கிற எல்லாருக்கும் அது கேக்கும். அதனால நான் எந்த சாஃப்ட்வேரையும் சிங்க் எவ்வளவு நல்லா பண்ணுதுன்னு பாக்கல, நம்ம பாட்டோட இந்த ஆட்டத்தை எப்படி சமாளிக்குதுன்னுதான் பாத்தேன்.

அதுல மிக்ஸ்தான் முன்னாடி நிக்குது. இங்கிலீஷ்ல கடைசில மூணு எக்ஸ் போட்டிருக்கும், தேடும்போது அப்படியே தேடுங்க. 2001ல ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், முழுசும் இலவசம், பணம் கட்டுனா திறக்கும்னு எந்தக் கதவும் இல்ல, கன்ட்ரோலர் (கையால திருகி அமுக்கி டிஜே பண்ற பெட்டி) சொருகினாலும் சரி, ரெக்கார்ட் பண்ணாலும் சரி. பீட் டிடெக்ஷன் செட்டிங்ல டெம்போ மாறாதுன்னு எடுத்துக்கோன்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துட்டு பாட்ட மறுபடி அனலைஸ் பண்ணா கோடு எல்லாம் ஆள் வாசிச்ச அடிக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு கொடுக்குது. எல்லாப் பாட்டுக்கும் சரியா வரும்னு சொல்ல மாட்டேன், ஆனா பெரும்பாலும் முன்னைக்கு எவ்வளவோ தேவலாம். நம்ம ஆறெட்டுத் தாளத்துல ஒரு குழப்பம் வரும், கையால தட்டிப் பாத்தா 100 வர்ற பாட்ட 150ன்னு காட்டும், ரைட் கிளிக் பண்ணா பாதி, ரெட்டிப்பு, மூணுல ரெண்டுன்னு மாத்த வழி இருக்கு, 150ஐ மூணுல ரெண்டாக்குனா 100 வந்துடும்.

ஆனா நான் அதை விடாம வெச்சிருக்கிறதுக்கு காரணம் ஆட்டோ டிஜே, ஒரு பாட்டு முடியும்போது அடுத்ததை அதுவே சேத்து விடுற வசதி. ஒவ்வொரு பாட்டுலயும் இன்ட்ரோ (ஆரம்பப் பகுதி), அவுட்ரோ (முடிவுப் பகுதி) எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு நாலு குறி வைக்கலாம், பாட்டோட முதல் சத்தம், கடைசி சத்தம் ரெண்டையும் அதுவே குறிச்சுக்கும், நடுவுல இருக்கிற ரெண்டை நம்ம வைக்கணும். நான் எங்க தாளம் விழுதோ அங்கேயே இன்ட்ரோவ ஆரம்பிக்க வெச்சுட்டேன், புல்லாங்குழல், ஹம்மிங் எல்லாம் தாண்டி நேரா ஆட்டத்துக்கு வந்துடும் (அந்தப் புல்லாங்குழலை வெட்டுறது எனக்கும் வலிக்குதுதான், தனியா கேக்கும்போது முழுசா கேட்டுக்கலாம்). ஒரு பாட்டுக்கு ஒரு நிமிஷம் ஆச்சு, 200 பாட்டுக்கு ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலமா உக்காந்தேன், அதோட சரி, இப்ப பிளேலிஸ்ட்ட ஆட்டோ டிஜேல தள்ளிட்டு பந்தி பரிமாறப் போயிடலாம். பழசு புதுசுன்னு சவுண்டு ஏறி இறங்குறதையும் ரீப்ளேகெயின்ங்கிற வசதி வெச்சு அதுவே சமன் பண்ணிக்குது.

மிக்ஸ்கிட்ட இல்லாதது வர்ச்சுவல் டிஜேகிட்ட இருக்கு, அதான் ஸ்டெம்ஸ். 2021 வெர்ஷன்ல வந்துச்சு, ஓடிட்டிருக்கிற பாட்டுல இருந்து குரலைத் தனியா, தாளத்தைத் தனியா அந்த நிமிஷமே பிரிச்சுடும். வீட்ல பாடுற ஆளுங்க இருந்தா இதை விட வேற எதுவும் வேணாம், எங்க பெரியப்பா மைக் பிடிச்சா ஒரு பட்டன்ல ஒரிஜினல் குரலை அடக்கிட்டு அவரைப் பாட விடுறேன், வயலின் கொஞ்சம் குரலோட சேந்து போயிடும், ஆனாலும் அவர் முகத்துல தெரியுற சந்தோஷம் போதும். கரோக்கே, வீடியோவும் அதுலயே ஓடும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம், ஆனா கன்ட்ரோலர் சொருகினா கொஞ்ச நேரம்தான் விடும், அப்புறம் லைசென்ஸ் வாங்கணும், காசு வாங்கிட்டு வெளில வாசிக்கவும் அப்படித்தான். ஸ்டெம்ஸுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேணும், பழைய லேப்டாப்புன்னா பாட்ட முன்கூட்டியே பிரிச்சு வெச்சுக்கோங்க.

செராட்டோ நியூசிலாந்து கம்பெனி, ரெக்கார்டு தட்டை கையால சுத்தி ஸ்க்ராட்ச் பண்றவங்ககிட்ட பேர் வாங்கினது. கன்ட்ரோலர் வாங்கி ஒழுங்கா கத்துக்கணும்னு நினைக்கிற காலேஜ் பசங்களுக்கு அதோட லைட் வெர்ஷன் நல்ல ஆரம்பம், திரை சுத்தமா இருக்கும், குழப்பமே இல்ல. ஆனா லைட்ல ரெண்டு டெக்தான் (ஒரே நேரத்துல ரெண்டு பாட்டுதான் போட முடியும்), ரெக்கார்டிங் கிடையாது, அதுக்கு ப்ரோ வெர்ஷன் வாங்கணும். பாட்ட ஓட விட்டுட்டு வேற வேலை பாக்குறவங்களுக்கு இது ஒத்து வராது. ரெகார்ட்பாக்ஸ்ங்கிற இன்னொரு டிஜே சாஃப்ட்வேரையும் சிலர் சொல்லுவாங்க, கிளப்ல இருக்கிற பிளேயருக்கு பென்டிரைவ்ல பாட்டு தயார் பண்ணிக் கொண்டு போறவங்களுக்குத்தான் அது, வீட்டுக்குத் தேவைப்படாது.

என்னைக் கேட்டா விசேஷ வீட்டுக்கு மிக்ஸ், பாட்டுக் கச்சேரி மாதிரி ஆளாளுக்கு பாடுற வீட்டுக்கு வர்ச்சுவல் டிஜே. ரெண்டையும் ஒரே கம்ப்யூட்டர்ல வெச்சுக்கலாம், பாட்டு ஃபோல்டர் ஒண்ணே போதும்.

எதை எடுத்தாலும் ஒரு யூஎஸ்பி சவுண்டு டாங்கிள் வாங்கிடுங்க. அடுத்த பாட்ட ஹெட்ஃபோன்ல மட்டும் கேட்டுப் பாக்கணும்னா ஸ்பீக்கருக்கு ஒரு வழி, காதுக்கு ஒரு வழின்னு தனித்தனியா வேணும், லேப்டாப்ல இருக்கிற ஒரே ஓட்டை அதுக்குப் பத்தாது. செட்டிங்ல மெயினுக்கு ஒண்ணு, ஹெட்ஃபோனுக்கு ஒண்ணுன்னு காட்டிட்டு, நோட்டிஃபிகேஷன் சத்தத்தையும் மறக்காம ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா ஆரத்தி எடுக்கும்போது டொய்ங்னு மெசேஜ் சத்தம் மாடி முழுக்கக் கேக்கும்.