தடை, எச்சரிக்கை, அறுபது நாள் நிறுத்தம்: கொடிய பூச்சிமருந்துகளைக் கட்டுப்படுத்த எது உதவியது?

மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தை இலங்கை 1995-இல் தடை செய்தது. இந்தியாவில் அதன் 36 சதவீதத் திரவ வடிவத்துக்கான தடை ஆணை 2023-இல்தான் வந்தது. இடையில் கழிந்த 28 ஆண்டுகளில் இரு நாடுகளும் நம்பிய வழிகள் வேறு வேறு. கொடிய நஞ்சைச் சந்தையிலிருந்தே அகற்றுவது ஒரு வழி; அதை விற்கவிட்டு, பயன்படுத்துவோரை எச்சரித்துப் பழக்குவது இன்னொரு வழி. இவற்றில் எது உயிரைக் காக்கிறது என்ற கேள்விக்குப் போதுமான விடை இப்போது நம்மிடம் இருக்கிறது என்றே கருதுகிறேன்.

இந்தியாவின் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படி எந்த மருந்தையும் மத்தியப் பதிவுக் குழுவில் பதிந்த பிறகே விற்கலாம். நஞ்சின் கடுமையைப் புட்டியின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் காட்ட வேண்டும். தாளில் இந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மருந்தை வாங்குபவர் நிலக்காரர், தெளிப்பவரோ பல ஊர்களில் கூலியாள். மருந்தோடு வரும் எச்சரிக்கைத் துண்டுச்சீட்டு, வாங்கியவர் வீட்டிலேயே தங்கிவிட, கூலியாளின் முதுகில் ஏறுவது ஏற்கெனவே கலந்து வைத்த டேங்க் மட்டுமே. மூடி சரியாகப் பொருந்தாத டேங்கிலிருந்து மருந்து கசிந்து சட்டையை நனைக்கும். வெயில் ஏறியதும் முகத்தில் கட்டிய துண்டு கழுத்துக்கு இறங்கிவிடும். சிவப்பு முக்கோணத்தை அவர் பார்க்கும் தருணமே இந்த வரிசையில் எங்கும் இல்லை.

பயிர்வாரியான கட்டுப்பாட்டுக்கும் இதே கதிதான். காய்கறிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் தெளிக்கக் கூடாது என்று 2005-இல் விதித்தார்கள். பருத்திக்கு அதே புட்டி கடையில் கிடைத்தது. பருத்திக்கென்று வாங்கியது வரப்போரக் கத்தரிச்செடிக்குப் போகாமல் காப்பது எந்த அரசு ஆய்வாளராலும் ஆகாத காரியம். 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் இந்த நஞ்சு கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள்.

எச்சரிக்கை வழியின் இன்னொரு வடிவம், மருந்தைப் பூட்டி வைக்கச் சொல்வது. இதை இலங்கையிலேயே அனுராதபுரம் பகுதியில் 180 கிராமங்களில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டும் பெட்டிகள் கொடுத்துச் சில ஆண்டுகள் கவனித்ததில், தற்கொலை நோக்கில் பூச்சிமருந்தை அருந்துவோர் எண்ணிக்கை பெட்டி பெறாத கிராமங்களைவிடக் குறிப்பிடும்படி குறையவில்லை என்ற முடிவு 2017-இல் வெளியானது. நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட முயற்சி. ஆனாலும் பெட்டிக்குள் இருக்கும் பொருளின் கொடுமை மாறாதவரை அதனால் பெரிதாக எதுவும் ஆகவில்லை.

தடையின் கதை வேறு. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பதிவாளர் அலுவலகத்தின் வழியாக, உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என வகுத்த மருந்துகளை இலங்கை படிப்படியாக விலக்கி 1995-இல் முடித்தது. உடனே விவசாயிகள் எண்டோசல்பான் என்ற வேறொரு பூச்சிமருந்துக்கு மாற, அதனால் நேர்ந்த சாவுகள் கூடின. 1998-இல் அதுவும் தடைக்கு உள்ளானது. 2008-க்குப் பின் பாராகுவாட், டைமெத்தோயேட், பென்தியான் ஆகியவையும் போயின. 1995-இல் லட்சம் பேருக்கு 57 அளவில் இருந்த தற்கொலை வீதம் 2015-இல் 17 அளவுக்கு இறங்கியது. இந்த இறக்கத்தில் பெரும்பங்கு தடைகளுடையது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். நெல் விளைச்சல் இத்தடைகளால் விழவில்லை. ஒரு மருந்தை விலக்கியதும் விவசாயி எதற்குத் தாவுகிறார் என்று கவனித்து, அடுத்த ஆணையை அதற்கேற்பப் பிறப்பித்த பொறுமையே இதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தடையை எதிர்ப்போர் 2021-ஐச் சுட்டுவார்கள். அந்த ஆண்டு இலங்கை ரசாயன உரத்தையும் வேளாண் ரசாயனங்களையும் ஒரேயடியாக இறக்குமதி செய்யாமல் நிறுத்தி, எதிர்ப்பு வலுத்ததும் நவம்பரில் பின்வாங்கியது; விளைச்சலும் நொறுங்கியது. ஆனால் அது நஞ்சின் கடுமையைத் தரம் பிரித்து எடுத்த முடிவும் அல்ல, மாற்றைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்த முடிவும் அல்ல. 1995-இல் நெல்வயலுக்கு வேறு மருந்து இருந்தது. 2021-இல் யூரியாவுக்கு ஈடாகப் போதிய அளவில் எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு.

இந்திய மாநிலங்களிடம் இருப்பது மூன்றாவது வழி: சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி ஒரு மருந்தின் விற்பனையை 60 நாள் நிறுத்தலாம், விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள். தமிழ்நாடு ஒருமுறை மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை இப்படி 60 நாள் நிறுத்தியது. நல்ல தொடக்கம்தான், ஆயினும் கடைக்காரர் சரக்கைக் கிடங்கில் அடுக்கிவிட்டு நாளை எண்ணிக் காத்திருக்க முடிகிற நிறுத்தம் இது. நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் இருப்பதால், சாவுகளை நேரில் பார்க்கும் மாநிலம் டெல்லிக்குக் கடிதம் எழுதுவதோடு நிற்க வேண்டியிருக்கிறது. அந்த அதிகாரத்தை மாநிலங்களுக்கும் தருவதும், தடை ஆணையோடு எந்தப் பயிரில் எந்தப் பூச்சிக்கு எது மாற்று என்ற பட்டியலை விதைப்புக்கு முன்பே உரக்கடைகளுக்கு அனுப்புவதும், புதிய பூச்சிமருந்துச் சட்டம் எழுதப்படும்போது இடம்பெற வேண்டிய இரண்டு திருத்தங்கள்.