கருமுட்டை எடுத்த பிறகு என்ன சொல்லி அனுப்புகிறார்கள்: மதுரை கருத்தரிப்பு மையம் ஒன்றில் என் அனுபவம்

நான் ஐவிஎஃப் சிகிச்சை எடுத்துக்கொண்ட மையத்தின் ஸ்கேன் வசதியிலோ, ஆய்வகத்திலோ, மருத்துவரின் கைத்திறனிலோ எனக்குக் குறை இல்லை. கட்டணத்தையும் முன்கூட்டியே தெளிவாக எழுதித் தந்தார்கள். கருமுட்டை எடுத்த பிறகு வீட்டுக்கு அனுப்பிய விதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (பிசிஓஎஸ்) உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கும், ஊசிகளால் மிகுதியான முட்டைகள் உருவாகிறவர்களுக்கும், சினைப்பைகள் அளவுமீறித் தூண்டப்பட்டு வீங்கி, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும் அபாயம் அதிகம். மருத்துவர்கள் இதை ஓஎச்எஸ்எஸ் என்கிறார்கள். என் கோப்பின் முதல் பக்கத்திலேயே பிசிஓஎஸ் என்று எழுதியிருந்தும், டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்களும், மறுபடி வரவேண்டிய தேதியும், ஓய்வு தேவை என்ற ஒரு வரியும் மட்டுமே இருந்தன.

பாவாடை நாடாவை முடிச்சுப் போட முடியாதபடி வயிறு உப்பி, தண்ணீர் குடித்தும் சிறுநீர் வெகுவாகக் குறைந்து, படுத்தால் மூச்சு வாங்கிய அந்த இரவில், மையத்தின் அவசர எண்ணில் பேசியவர், "கேஸா இருக்கும்மா, காலைல வாங்க" என்று வைத்துவிட்டார். என் மாமியார்தான் காத்திராமல் ஆட்டோ பிடித்து வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த டூட்டி டாக்டர் முதலில் கேட்டதே, "ட்ரிக்கர் ஊசி என்னைக்குப் போட்டாங்க?" என்பதுதான். முட்டைகளை முதிரவைக்க, அவற்றை எடுப்பதற்கு முன் கடைசியாகப் போடும் ஊசி அது. ஸ்கேன் பார்த்து, இரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று சோதித்து, வயிற்று நீரை வடித்து, இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசியும் போட்டார்கள்.

லேசான உப்புசம் பலருக்கும் வந்து தானே அடங்கிவிடும். ஆனால் ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடுவது, நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ வருவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை நாமாக விழுங்கக் கூடாது. ட்ரிக்கர் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் இது தொடங்கலாம். கரு தங்கினால் 10 நாட்கள் கடந்த பின்னும் வரலாம். அந்த வகையில், உடனே கருவைக் கருப்பைக்குள் மாற்றாமல் எல்லாக் கருக்களையும் உறையவைத்தது மையம் எடுத்த மிகச் சரியான முடிவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கட்டணத்தோடு பக்க விளைவுகளையும் அபாயங்களையும் தம்பதியருக்கு விளக்க வேண்டும் என்று, செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்காக 2021இல் வந்த சட்டமே சொல்கிறது. பணம் கட்டுவதற்கு முன், அபாய அறிகுறிகளைத் தமிழில் எழுதித் தருவார்களா, இரவில் தொலைபேசியை எடுப்பவர் மருத்துவரா என்று கேளுங்கள். இவ்விரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்கும் வரை, உறையவைத்த கருவை மாற்றிக்கொள்ள நான் அங்கே செல்வதாக இல்லை.