மூணு பந்து ஸ்பைரோமீட்டர்: வாங்கலாமா?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கத்து மருந்துக்கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவி இது. புற்றுநோய் ஆபரேஷனுக்குப் போகும் பெரியவர்களுக்கு, அதுவும் சர்க்கரை இருந்தால், வாங்கிக் கொடுக்கலாம். தையல் வலியில் மேலோட்டமாக மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கும். சர்க்கரை ஏறிக் கிடந்தால் வெள்ளணுக்களும் மந்தமாகிவிடும். நிமோனியாவுக்கு வேறென்ன வேண்டும்?

நொடிக்கு 600, 900, 1200 மில்லி காற்று இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாய் எழும். குழப்பம் இங்கேதான்: "நல்லா ஊதுங்க ஆச்சி" என்பார்கள் வீட்டில், பந்து அசையாது. ஊதக்கூடாது, உறிஞ்சணும். நிமிர்ந்து உட்கார்ந்து, கருவியை நேராகப் பிடித்து (சாய்த்தால் பந்து லேசிலேயே ஏறிவிடும்), மெதுவாக இழுத்து, முதல் பந்தை 3 நொடி நிறுத்தினாலே நல்லது. மூன்றையும் படாரென்று தூக்குவது வித்தை, பயிற்சியல்ல. விழித்திருக்கையில் மணிக்கு 10 தடவை. தலைசுற்றினால் நிறுத்திவிட்டுப் பிறகு. வயிற்றுத் தையல் என்றால் தலையணையை அணைத்தபடி இருமிச் சளியைத் துப்பணும். ஆபரேஷனுக்கு முன்பே பழக்கிவிடுங்கள்.

குழாய் இணைப்பு தளர்ந்தால் காற்று கசியும். பல்செட்டைக் கழற்றிய வாயில் உதடு இறுகாது. கருவியை மட்டும் நம்பினால் பலன் குறைவு: நடக்க வைக்கணும், ஆஸ்பத்திரியில் சர்க்கரை 140 முதல் 180க்குள் நிற்கணும், வெத்தலை போடுகிற வாயென்றால் இரண்டு வேளையும் பல் துலக்கணும். பெரியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரும். உளறலோ மூச்சிரைப்போ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.