பாட்டில் பாக்டீரியா: ஊத்தின அன்னிக்கே மீன் விடலாமா? என்னோட ரிவ்யூ

புதுசா உப்புத்தண்ணி டேங்க் வைக்கிறவங்க மீனுக்கு முன்னாடி தேடுறது இந்த பாட்டிலைத்தான். லேபிள்ல பெருசா "உடனே மீன் விடலாம்"னு போட்டிருக்கும். பிராண்ட் பேர் சொல்லல, நான் சொல்லப்போறது இந்த டைப் பாட்டில் எல்லாத்துக்கும் பொருந்தும். நேரா விஷயத்துக்கு வரேன், சரக்கு நல்ல சரக்குதான், லேபிள்தான் ஓவரா பேசுது.

உள்ள இருக்க வேண்டியது நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா மாதிரி நைட்ரிஃபையிங் பாக்டீரியா. ஒரு கூட்டம் மீன் கழிவுல இருந்து வர்ற விஷமான அம்மோனியாவ நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும், சைக்கிள்னு சொல்றது இவ்ளோதான். இதுங்க ஸ்போர் போட்டு தூங்குற ஜாதி கிடையாது, உயிரோட நம்ம கைக்கு வந்து சேரணும், குரியர் வண்டியில வெந்தாலும் போச்சு ஃப்ரீசர்ல உறைஞ்சாலும் போச்சு, அதனால எக்ஸ்பயரி தேதி பாக்காம வாங்காதீங்க. நன்னீருக்கு தனியா, கடல் நீருக்கு தனியா பாட்டில் வரும், அதையும் பாத்து எடுங்க.

நான் டெஸ்ட் பண்ணது ட்ரை ராக் (உயிர் எதுவும் ஒட்டாத காஞ்ச பாறை) போட்ட டேங்க்ல. உப்பு 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு), சூடு 26 டிகிரி, லைட் ஆஃப். அம்மோனியம் குளோரைடு சொட்டு விட்டு 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 2 பங்கு) கொண்டு வந்துட்டு பாட்டில நல்லா குலுக்கி ஊத்தியாச்சு. முதல் சில நாள் ஸ்கிம்மர் (நுரையில அழுக்க எடுக்குற மெஷின்), யூவி (கிருமி கொல்ற லைட்) ரெண்டும் ஆஃப், ஆனா வேவ்மேக்கர் (தண்ணிய சுழல விடுற பம்ப்) ஓடிட்டே இருக்கணும், இந்த பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் நிறைய வேணும். சீக்கிரம் வேணும்னு அம்மோனியாவ 5 பிபிஎம்முக்கு மேல ஏத்தாதீங்க, அதுவே பாக்டீரியாவ அமுக்கிடும்.

அம்மோனியா சில நாள்லயே இறங்கிடுச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. நைட்ரைட் டியூப்தான் ஊதா கலர்லயே நின்னு கழுத்தறுத்துச்சு. ரெண்டாவது கூட்டம் மெதுவாத்தான் பெருகும், நிறைய பேர் இங்கதான் பொறுமை இழந்து இன்னொரு பாட்டில் வாங்கிடுறாங்க, தேவையே இல்ல. கடல் தண்ணில குளோரைடு அவ்ளோ இருக்கறதால நைட்ரைட் மீன் செவுள் வழியா ஈசியா உள்ள போகாது, நன்னீர் டேங்க்ல பயப்படுற அளவுக்கு இங்க பயப்பட வேணாம். ஆனா நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் டெஸ்ட் பொய்யா அதிகமா காட்டும், அந்த நம்பர நம்பாதீங்க.

டெஸ்ட் கிட் பத்தியும் சொல்லணும், அது இல்லாம இந்த பாட்டில் வாங்குறது வேஸ்ட். சொட்டு மருந்து டைப் கிட்ல அம்மோனியா 0ன்னா வெளிர் மஞ்சள், 0.25ன்னா அதுல லேசா ஒரு பச்சை சாயல், ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்துல பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பகல்ல ஜன்னல் ஓரம் வெள்ளை பேப்பர் பின்னாடி வெச்சு பாருங்க. நைட்ரேட்டோட ரெண்டாவது பாட்டில்ல மருந்து அடில உறைஞ்சு கிடக்கும், டேபிள்ல நாலு தட்டு தட்டி அரை நிமிஷம் வெறித்தனமா குலுக்கணும், இல்லனா கம்மியாத்தான் காட்டும்.

பாட்டில் இல்லாம ட்ரை ராக்ல சாதாரணமா 4ல இருந்து 6 வாரம் ஆகும், சில நேரம் அதுக்கும் மேல. நல்ல பாட்டில் போட்டா அதுல பாதிக்கு மேல மிச்சம். அம்மோனியாவுக்காக டேங்க்ல இறால அழுக விடுற பழைய முறைய விட இது எவ்வளவோ மேல், நாத்தம் இல்ல, எவ்ளோ அம்மோனியா போட்டோம்னு கணக்கும் இருக்கு. டாம்செல் மீன விட்டு சைக்கிள் பண்றது பாவம், போதாக்குறைக்கு அது பொழச்சிருச்சுன்னா பின்னாடி வர்ற மீனையெல்லாம் விரட்டி விரட்டி கடிக்கும்.

5க்கு 3.5 ஸ்டார். ஒன்றரை ஸ்டார் லேபிளுக்காக வெட்டினது. 2 பிபிஎம் போட்டு 24 மணி நேரத்துல அம்மோனியா 0 ஆச்சுன்னா ரெடி, தண்ணிய பாதி மாத்தி நைட்ரேட்ட இறக்கிட்டு ஒண்ணு ரெண்டு க்ளௌன் மீன் மட்டும் விடுங்க, மொத்த கூட்டத்தையும் ஒரே நாள்ல இறக்கினா அம்மோனியா திரும்ப ஏறும். நல்ல லைவ் ராக் (இந்த பாக்டீரியா ஏற்கனவே குடியிருக்குற பாறை) ஈரத்தோட கிடைக்குதுன்னா பாட்டிலே வேணாம்.