ஸ்கேயனில் ‘பரிந்துரைக்கப்பட்ட’ மீன் உணவகம்: போகுமுன் இதை வாசியுங்கள்

டென்மார்க்கின் வடக்கு முனையில் இருக்கும் ஸ்கேயனுக்கு இந்தக் கோடையில் போக இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். கிரேனன் என்ற மணல் முனையில் இரண்டு கடல்கள் சேருமிடத்தில் கால் நனைத்துவிட்டுப் பசியோடு துறைமுகப் பக்கம் வருகிற குடும்பங்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. எங்களுக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது.

நாங்கள் வாடகைக்கு எடுத்த கோடை வீட்டின் மேசையில் ‘கட்டாயம் சாப்பிட வேண்டிய இடங்கள்’ என்று ஓர் அட்டை இருந்தது. முன்பு தங்கியவர்களும் ஊர்க்காரரும் பரிந்துரைத்தவை என்று மேலே அச்சிட்டிருந்தார்கள். அதில் முதலாவதாக இருந்த உணவகத்துக்குத்தான் போனோம். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்தும் அண்ணா ரொறொன்ரோவிலிருந்தும் வந்திருந்தார்கள். எல்லோரும் ஒன்றாக இருந்து நல்ல மீன் சாப்பிட வேண்டும் என்பதுதான் அந்தப் பயணத்தின் நோக்கமே.

சாப்பாடு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1859இல் இந்த ஊருக்கு வந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனே புரோண்டும் விடுதியில் மீனுக்காகக் காத்திருந்து கோபப்பட்டாராம். அவர் போட்ட சத்தத்தில்தான் விடுதிக்கார அம்மாவுக்கு வலி கண்டு, பிற்காலத்தில் ஓவியரான அன்னா அங்கர் அன்றிரவு பிறந்தார் என்று ஊரில் கதை சொல்வார்கள். கோடைக் கூட்டத்தில் தாமதம் வரத்தான் செய்யும்.

அம்மாவுக்கும் எனக்கும் ஸ்டியேர்னஸ்குட் சொல்லியிருந்தோம். பாண் துண்டின் மேல் ரோட்ஸ்பெட்டே என்ற தட்டை மீனில் பொரித்த துண்டு ஒன்று, அவித்தது ஒன்று, அவற்றின் மேல் இறால், மீன் சினை, எலுமிச்சை என்று வர வேண்டிய சாப்பாடு. ஒரு கடலோரச் சமையலறை எப்படிப்பட்டது என்று இந்த ஒரு தட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். எங்களுக்கு அவித்த துண்டு வரவேயில்லை. பொரித்த இரண்டும் ஒரே அச்சில் வெட்டியது போல இருந்தன, நடுவில் குளிர் விடவில்லை. ‘கையால் உரித்த ஸ்கேயன் இறால்’ என்று மெனுவில் போட்டிருந்தது. வந்ததோ உப்புத் தண்ணீர்ப் போத்தல் இறால். சினைக்குப் பதிலாகக் கடற்பாசியில் செய்த கறுப்பு மணிகள். அம்மா மயிலிட்டியில் பிறந்தவர், மீனில் அவரை ஏமாற்ற முடியாது. “பிள்ளை, இது ஐஸில கிடந்த மீன். இறால்ல கடல் வாசமே இல்லை” என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

அண்ணாவும் என் கணவரும் பிக்வார் கேட்டார்கள். விலையுள்ள தட்டை மீன் அது. மெனுவில் எண் இல்லை, ‘அன்றைய விலை’ என்று மட்டும் இருந்தது. எவ்வளவு என்று டேனிஷ் மொழியில் தெளிவாகக் கேட்டேன். “ஆளுக்கு 295 குரோனர், இரண்டு பேருக்கு ஒரு மீன்” என்றார் பரிமாறிய பெண். பில்லில் அதே மீன் 1.4 கிலோ, 100 கிராமுக்கு 95 குரோனர், மொத்தம் 1,330 என்று வந்தது. 590 எங்கே, 1,330 எங்கே! பொறுப்பாளரைக் கூப்பிட்டால், 295 என்பது துண்டு மீனுக்கான விலை, முழு மீன் நிறைக்குத்தான் என்கிறார். எங்களிடம் துண்டு மீன் என்ற பேச்சே யாரும் எடுக்கவில்லை. அந்தப் பெண் பக்கத்திலேயே தலை குனிந்து நின்றாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அம்மாவுக்கு முன்னால் சண்டை வேண்டாமென்று அண்ணா கார்டை நீட்டினார். குரோனரா கனடா டொலரா என்று இயந்திரம் கேட்டபோது பொறுப்பாளர் தானே டொலரை அழுத்திவிட்டார். அந்த மாற்று விகிதத்தில் இன்னும் காசு போயிற்று. தெரிவு செய்ய வேண்டியவர் வாடிக்கையாளர், ஐரோப்பிய ஒன்றியச் சட்டமே அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: இயந்திரத்தை உங்கள் கையில் வாங்கி, குரோனரை நீங்களே அழுத்துங்கள். டிப்ஸ் கேட்கும் திரை வந்தால் பூச்சியம் போட்டாலும் அது மரியாதைக் குறைவல்ல. இங்கே சேவைக் கட்டணமும் 25 வீத வரியும் மெனு விலைக்குள்ளேயே இருக்கின்றன.

வெளியே வரும்போதுதான் கதவோரத்தில், மெனுப் பலகைக்குப் பின்னால், உணவு அதிகார சபையின் ஸ்மைலி அறிக்கையைக் கண்டோம். 2001 முதல் டென்மார்க்கில் ஒவ்வொரு உணவகமும் கடைசிப் பரிசோதனை முடிவை, அதைக் காட்டும் முகப் படத்தோடு, உள்ளே வருகிறவர் கண்ணில் படும்படி வாசலில் ஒட்ட வேண்டும். இவர்களுடையதில் முகம் சிரிக்கவில்லை. ஒளித்து வைத்ததன் காரணம் அதுதான். வாசலில் அறிக்கை தெரியாவிட்டால் ‘ஃபைண்ட்ஸ்மைலி’ தளத்தில் கடைப் பெயரைப் போட்டுப் பாருங்கள், பழைய முடிவுகளும் கிடைக்கும்.

எனக்கு மிகவும் கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். அட்டையைப் பற்றி வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன். “அதில் பெயர் வர உணவகங்கள் காசு கொடுக்கின்றன, எல்லோருக்கும் தெரிந்ததுதானே” என்றார். எங்களுக்குத் தெரியாது. விளம்பரம் என்று அட்டையில் ஓரிடத்திலும் இல்லை. விளம்பரத்தை விளம்பரம் என்று காட்டாமல் போடுவதை டென்மார்க் சந்தைப்படுத்தல் சட்டம் தடை செய்கிறது.

இதற்காக ஸ்கேயனில் சாப்பிடாமல் வந்துவிடாதீர்கள். 1907இல் துறைமுகம் திறந்த காலத்தில் தோர்வல்ட் பிண்டஸ்பொல் வடிவமைத்த சிவப்பு மரக் கிடங்குகளில் இப்போது மீன் உணவகங்கள் நடக்கின்றன. அந்தப் பக்கத்தில், ஐஸ் மேல் மீனைப் பரப்பி வைத்து அங்கேயே பொரித்தும் தருகிற ஒரு கடையில் மறுநாள் சாப்பிட்டோம். முழு ரோட்ஸ்பெட்டே, தோலில் செம்மஞ்சள் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. விலை பலகையில் எழுதியிருந்தது, அதே தொகைதான் பில்லிலும் வந்தது. அம்மா முள்ளை மட்டும்தான் மிச்சம் வைத்தார். ‘அன்றைய விலை’ என்று எங்கே கண்டாலும் ஆளுக்கா, மீனுக்கா, 100 கிராமுக்கா என்று கேட்டு, ஓடர் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

இறாலையும் மறைத்த அறிக்கையையும் பற்றி உணவு அதிகார சபைக்கும், அட்டையைப் பற்றி நுகர்வோர் குறைதீர் அதிகாரிக்கும் எழுதியிருக்கிறேன். டொலர் விவகாரத்தை அண்ணாவின் வங்கி விசாரிக்கிறது. அந்தப் பக்கத்துக் கோடை வீடுகளில் இதே மாதிரியான அட்டையைக் கண்டவர்கள் இரண்டு பக்கமும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்க்கிறேன்.