புது ஃபிளாட் வாங்க யார் வழியாகப் போவது: பில்டரிடம் நேராகவா, ஏஜென்டா, ஏரியா தரகரா?

2024-இல் நானும் என் மச்சானும் சென்னை மேடவாக்கத்தில் ஒரே கட்டடத்தில் வீடு புக் செய்தோம். எனக்கு மூன்றாவது மாடி, அவனுக்கு நான்காவது. நான் நேராக பில்டரின் ஆபீஸுக்குப் போனேன். அவன் ஒரு ஏஜென்ட் வழியாக வந்தான். அதே சமயத்தில் என் ஆபீஸ் நண்பர் ஒருவர் மடிப்பாக்கத்தில், இரண்டு கிரவுண்டில் கட்டிய எட்டு வீட்டுக் கட்டடத்தில், ஏரியா தரகருக்குக் கையில் கமிஷன் கொடுத்து வாங்கினார். மூன்று வழியும் பக்கத்திலேயே நடந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகிவிட்டது.

முதலில் ஏஜென்ட். "சார், உங்ககிட்ட ஒரு பைசா வாங்க மாட்டோம்" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அது உண்மைதான். அவருக்குப் பணம் தருவது பில்டர். சேனல் பார்ட்னர் என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. 80 லட்ச ரூபாய் வீட்டில் 2% என்று வைத்தாலே 1,60,000 ரூபாய் அவருக்குப் போகிறது. அது பில்டர் சொந்தப் பையிலிருந்து எடுத்துத் தருவதில்லை, விலைப் பட்டியலிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். ஏஜென்ட் வழியாக வராதவனும் அதே பட்டியலைத்தான் பார்க்கிறான்.

அப்படியென்றால் நேராகப் போனால் அந்தப் பணம் நமக்குக் குறையுமா? நானும் அதைத்தான் கேட்டேன். சதுர அடி விலையில் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. ஒருவருக்குக் குறைத்தால் அடுத்தவர் கேட்பார், ஏஜென்ட்களும் சண்டைக்கு வருவார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் மூன்றாவது சந்திப்பில், கார் பார்க்கிங்குக்கென்று தனியாகப் போட்டிருந்த 3 லட்சத்தை 1 லட்சமாக்கினார்கள். நேராக வந்ததற்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான். அதையும் கேட்டதால்தான் தந்தார்கள்.

மச்சானும் அதைக் கேட்டிருக்கலாமே என்றால், அவனால் முடியவில்லை. காரணம் ஒரு போன் நம்பர். ஏதோ ஒரு வீட்டு விளம்பர சைட்டில் விலை பார்க்க நம்பர் போட்டிருக்கிறான். பத்தே நிமிடத்தில் ஏஜென்ட் அழைத்து, பேசிக்கொண்டே அந்த நம்பரை பில்டரிடம் தன் பெயரில் பதிந்துவிட்டார். பிறகு அவன் என்னோடு சேர்ந்து நேராகவே போனபோது, ரிசப்ஷனில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், உங்க நம்பர் ஏற்கனவே பார்ட்னர் பேர்ல இருக்கே" என்றார்கள். புது வீடு தேடுகிறவர்கள் முதல் போனிலேயே கவனிக்க வேண்டியது இது. தெரியாத ஆளிடம் எந்த ப்ராஜெக்ட்டின் பெயரைச் சொல்லி "ஆமாம், பார்க்கலாம்" என்றாலும் அந்த ப்ராஜெக்ட்டில் நீங்கள் அவருடைய கஸ்டமர் ஆகிவிடலாம்.

ஏஜென்ட் தன் கமிஷனில் பாதியைத் தருவதாக வாயால் சொன்னார். வந்தது 25,000. அதுவும் எட்டு தடவை போன் செய்த பிறகு.

ஆனாலும் அவரால் ஒரு பயனும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மச்சான் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கார் வைத்துப் பெரும்பாக்கம், மேடவாக்கம், நாவலூர் என்று ஆறு இடம் காட்டினார். வெளியூரில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் அந்த ஆறும் அவருக்குக் கமிஷன் தருகிற ப்ராஜெக்ட்கள். ஏழாவதாக ஒன்று, மச்சானே கண்டுபிடித்தது, "அது சரியா வராது சார்" என்ற ஒரே வரியில் போய்விட்டது. மெட்ரோ விஷயமும் இதே கதைதான். மாதவரம்–சோழிங்கநல்லூர் பாதை மேடவாக்கம் வழியாக வருவது உண்மை. "அஞ்சு நிமிஷ நடை" என்றார், வண்டியில் அளந்தால் இரண்டு கிலோமீட்டர்.

ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஏஜென்டுக்கும் கடிவாளம் உண்டு. பதிவான ப்ராஜெக்ட்டை விற்க உதவுகிறவர் தானும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும், வசதிகளைப் பற்றிப் பொய்யாகச் சொல்லவும் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள், தமிழ்நாடு ரெரா தளத்தில் தேடிப் பாருங்கள். அதே தளத்தில் ப்ராஜெக்ட்டின் கார்ப்பெட் ஏரியாவும், அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் இடத்தின் அளவும், கிடைக்கும். விற்பனைப் பேச்சில் 1,180 சதுர அடியாக இருந்த என் வீடு அங்கே 815. ஏஜென்டும் சரி, பில்டரின் விற்பனைப் பெண்ணும் சரி, கேட்கும்வரை அந்த எண்ணைச் சொல்லவில்லை. கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்பதையும் நான்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

இப்போது மடிப்பாக்கம். அங்கே கதையே வேறு. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாமல், வீடும் எட்டைத் தாண்டாமல் இருந்தால் ரெரா பதிவு தேவையில்லை. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, இரண்டு கிரவுண்டு சுமார் 446 சதுர மீட்டர். நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் பழைய தனி வீட்டை இடித்துவிட்டுக் கட்டும் ஃபிளாட்களில் பல இந்த அளவுக்குள்தான் வரும். இவற்றுக்குப் பளபளக்கும் விற்பனை ஆபீஸ் கிடையாது, இணையத்தில் பார்க்கத் தகவலும் இல்லை. நிலம் தந்த ஓனரும் கட்டிய பில்டரும் பிரித்துக்கொள்ளும் வீடுகளில் பில்டர் ஷேர் எது, நில ஓனர் ஷேர் எது, அந்த பில்டர் முன்பு கட்டிய கட்டடத்தில் எவ்வளவு விரிசல் என்பதெல்லாம் தெரிந்தவர் அந்தத் தெருமுனையில் இருக்கும் தரகர்தான்.

நண்பர் 72 லட்சத்துக்கு 1% கமிஷன் கொடுத்தார், 72,000. அதில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியத்தில் வசூலாகிவிட்டது என்பேன். நண்பர் முதலில் பிடித்துவைத்திருந்தது வேறு தெருவில் ஒரு வீடு. "அந்தத் தெரு வேணாம் சார், 2015 டிசம்பர்ல இடுப்பளவு தண்ணி. இப்பவும் நல்ல மழைன்னா கார் எடுக்க முடியாது" என்றார் தரகர். இதை எந்த பில்டரும் சொல்ல மாட்டார், பில்டரிடம் சம்பளம் வாங்கும் ஏஜென்டும் சொல்ல மாட்டார். தரகர் பில்டரிடமும் ஏதாவது வாங்கியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் பணம் தருகிறவர்களில் நாமும் ஒருவர் என்றால் பேச்சு கொஞ்சம் மாறத்தான் செய்கிறது.

ஆனால் பத்திர விஷயத்தில் தரகரை நம்பியிருந்தால் நண்பர் மாட்டியிருப்பார். பில்டர் ஷேர் என்று காட்டிய வீடு, கூட்டு ஒப்பந்தத்தில் நில ஓனரின் பங்கில் இருந்தது. கண்டுபிடித்தது 10,000 ரூபாய் வாங்கிய வக்கீல். கடைசியில் ஓனரே வந்து கையெழுத்துப் போட்டார். மச்சானின் ஏஜென்டும் "பேங்க் அப்ரூவ்டு சார், வக்கீல் எதுக்கு?" என்றுதான் சொன்னார். பேங்க் பார்ப்பது பேங்கின் கடன் திரும்புமா என்பதை. வில்லங்கச் சான்று, பட்டா, மூலப் பத்திரம் எல்லாவற்றையும் நமக்காக ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். மூன்று வழியில் எதில் போனாலும் இந்தச் செலவைக் குறைக்காதீர்கள்.

சாவி வாங்கும் நாளில் இன்னொரு ஆள் தேவை. நான் ஒரு சிவில் இன்ஜினியரை 6,000 ரூபாய்க்கு அழைத்துப் போனேன். அவர் பெரிய கருவி எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே நடந்தார், ஹாலில் நான்கு இடத்தில் உள்ளே காலியாக இருக்கும் சத்தம். அப்புறம் பால்கனியில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் குழாய்த் துளைக்குப் போகாமல் எதிர் மூலையில் போய் நின்றது. இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாவியில் கை வைத்தேன். மூன்று வாரத்தில் சரிசெய்தார்கள்.

மச்சான் யாரையும் அழைக்கவில்லை, ஏஜென்ட் கூட இருக்கிறாரே என்று நினைத்தான். அவர் அன்றைக்கு வரவில்லை. ஏழாவது மாதம் அவன் பாத்ரூம் சுவரில் ஈரம் ஏறியது. கட்டுமானக் குறைகளுக்கு ஐந்து வருடம் பில்டர்தான் பொறுப்பு, எழுத்தில் புகார் கொடு என்று நான் சொல்வதற்குள், பழக்கதோஷத்தில் ஏஜென்டுக்குப் போன் போட்டுவிட்டான். "அது பில்டர் மேட்டர் சார்" என்றவர், போனை வைக்குமுன் கேட்டாராம்: "நாவலூர்ல புதுசா ஒண்ணு லாஞ்ச் ஆகுது. ஃப்ரெண்ட்ஸ் யாராவது பாக்கறாங்களா?"