50 ஆட்டக் கோப்பையா, 71 ஆட்டக் கோப்பையா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் சீசன் என்றால் அணிக்கு 82 ஆட்டம். அது குறைந்த ஆண்டில் யார் ஜெயித்தாலும் ‘அரைக் கோப்பை’ என்று ஒரு பேச்சு கிளம்பிவிடும்.

1999இல் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் சம்பளத் தகராறு. பிப்ரவரியில்தான் சீசனே தொடங்கியது. 50 ஆட்டம்தான், ஆனால் மூன்றே மாதத்தில் திணித்தார்கள். தொடர்ந்து மூன்று இரவு ஆடிய அணிகளும் உண்டு. அந்த ஆண்டு கோப்பை வென்ற சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் முதல் 14இல் 8 தோற்றது, மீதி 36இல் 31 வென்றது. சீசன் முடிந்து கோப்பைக்காக ஆடும் பிளேஆஃப் சுற்றுகளில் 15 வெற்றி, 2 தோல்வி. போர்ட்லாந்துடன் 18 புள்ளி பின்தங்கிக் கிடந்த ஆட்டம் ஒன்று. கடைசி விநாடிகளில் ஸ்பர்ஸின் ஷான் எலியட், பின்னாலிருந்த எல்லைக்கோட்டை மிதிக்காமல் குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நின்றபடி மூன்று புள்ளி எறிந்தார். ஒரு புள்ளியில் வெற்றி. இதில் எங்கே குறுக்குவழி? நட்சத்திர வீரர் மைக்கேல் ஜோர்டன் அந்தச் சீசனுக்கு முன் ஓய்வுபெற்றது ஸ்பர்ஸின் குற்றமா?

2020இல் கோப்பை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கதை வேறு. கொரோனாவால் மார்ச்சில் நின்று, ஜூலை இறுதியில் ஒர்லாண்டோ டிஸ்னி வளாகத்துக்குள் தொடர்ந்த சீசன், 71 ஆட்டம். அரங்கில் ரசிகர் இல்லை, ஊர் ஊராகப் பறக்கவும் வேண்டாம். நான்கு மாத ஓய்வு லேக்கர்ஸின் நட்சத்திரம், 35 வயது லெப்ரான் ஜேம்ஸுக்கு வசதிதான். ஆனால் நான்கு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். 1999இல் முதல் சுற்று ஐந்தே ஆட்டம்.

இரண்டும் செல்லும். எனக்கு ஸ்பர்ஸ் ஒரு படி மேல். அந்தக் கோப்பை முழுக் கணக்கில் சேராது என்று நட்சத்திரக் குறி (*) போடச் சொன்னவர், பின்னாளில் லேக்கர்ஸ் பயிற்சியாளரான ஃபில் ஜாக்சன். 2003இல், முழு 82 ஆட்டச் சீசனில், அவருடைய லேக்கர்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஸ்பர்ஸ் மறுபடி கோப்பை வாங்கியது.